மடல்களும் மாடங்களும்

அஞ்சலகத்தின் முன்கூடத்தில் நின்று அஞ்சல்தலை வாங்கி ஒட்டியோர், அதன் பின்கூடத்தில் நடைபெற்ற பணியைக் கண்டிருத்தல் அரிது. பிரிப்புப் பொறிகள் வருவதற்கு முன், அங்கே சுவரை ஒட்டி நிறுத்திய மரச்சட்டங்களில் புறாக்கூடு போன்ற சிறு மாடங்கள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. ஊழியர் ஒரு கட்டு மடல்களைக் கையில் ஏந்தி, ஒவ்வொன்றன் முகவரியையும் ஒரு நொடி நோக்கி, உரிய மாடத்தில் இட்டுச் செல்வார். அவர் கண் சற்றே அயர்ந்தால் ஈப்போவுக்குச் செல்ல வேண்டிய மடல் வேறோர் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும்.

நகரங்கள் பெருகப் பெருக ஊழியரின் ஊரறிவு மட்டும் போதாதாயிற்று. ஆகவே 1857ஆம் ஆண்டில் சர் ரோலண்டு ஹில் இலண்டன் மாநகரைப் பத்து அஞ்சல் வட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் திசையைக் குறிக்கும் எழுத்துகளை வழங்கினார். அமெரிக்கா 1963இல் ஐந்து இலக்க எண்ணையும், இந்தியா 1972ஆம் ஆண்டு விடுதலை நாளன்று ஆறு இலக்க எண்ணையும் நடைமுறைக்குக் கொணர்ந்தன. சிங்கப்பூரில் 1995 முதல் வழங்கிவரும் ஆறு இலக்க எண்ணைக் கொண்டு ஒரு தனிக் கட்டடத்தையே அடையாளம் காணலாம். இவ்வெண்கள் யாவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. மாடங்களை வகுப்பது அஞ்சல் துறை. எண்ணை எழுதுவது அனுப்புநர். பெறுநருக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. தம் வீட்டு வாயிலில் வந்து விழும் கட்டில் மணவோலை மேலே இருக்குமா, விளம்பரத் தாள் மேலே இருக்குமா என்பதை அவர் தீர்மானித்தல் இயலாது. மடல்கள் மின்வழியே வரத் தொடங்கிய பின்னரே இந்நிலை தலைகீழாயிற்று. மாடங்களை வகுக்கும் உரிமை முதன்முறையாகப் பெறுநர் கைக்கு வந்தது. அவ்வுரிமை எவ்வாறு வந்தது, பின்னர் எவ்வாறு மெல்ல மெல்லக் கைநழுவலாயிற்று என்பதே மின்னஞ்சல் விதிகளின் வரலாறு.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தி வந்தனர். அவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு அனுப்பிக்கொள்ளும் பொருட்டு டாம் வான் விளெக், நோயல் மாரிசு ஆகிய இருவரும் ஒரு கட்டளையை எழுதினர். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் வழியைக் கண்டார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க இன்று உலகெங்கும் வழங்கும் அந்தச் சுழிக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. ஆயினும் அந்நாளைய அஞ்சல்பெட்டி என்பது ஒற்றைக் கோப்பே. புதிய மடல் பழையதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். இருபதாம் மடலைப் படிக்க விரும்பியவர் முதல் பத்தொன்பதையும் திரையிலோ தாளிலோ ஓடவிட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

இத்தொல்லையைப் போக்க முற்பட்டவர் லாரன்சு ராபர்ட்சு. ஆர்ப்பாநெட் எனும் கணினி வலையமைப்பை உருவாக்கும் பொறுப்பிலிருந்த அவர், 1972இல் மடல்களைப் பட்டியலிடவும், வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கவும், தனிக்கோப்பில் சேர்க்கவும் உதவும் ஒரு நிரலைத் தாமே எழுதினார். மேலாளர் ஒருவர் தம் மேசையைத் தாமே ஒழுங்கு செய்ததன் விளைவு இது எனலாம். 1975இல் ஜான் விட்டல் என்பார் விடையிறுத்தல், மேலனுப்புதல், கோப்பிலிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்ட நிரலைப் படைத்தார். எனினும் இவற்றில் எல்லாம் மனிதரே படித்து மனிதரே பிரித்தனர். கணினி தானே பிரிக்க வேண்டுமாயின், எதைப் பார்த்துப் பிரிப்பது என்பதை அது அறிதல் வேண்டுமன்றோ?

இதற்கு விடை தந்தது கண்ணைக் கவராத ஒரு சிறு ஆவணம். 1973ஆம் ஆண்டு செப்டம்பரில் அபய் பூஷண், டாம்லின்சன் உள்ளிட்ட நால்வர், ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியும் எவ்வாறு அமைதல் வேண்டும் என வரையறுத்தனர். அனுப்புநர் யார், பொருள் யாது, நாள் எது என்பன தனித்தனி வரிகளில், தத்தம் பெயர்ச்சொல்லோடு தொடங்க வேண்டும் என்றனர். தமிழ்ப்பள்ளியில் அலுவல் கடிதம் எழுதப் பயிற்றும் ஆசிரியர், அனுப்புநர் முகவரி இங்கே, பெறுநர் முகவரி இங்கே, தலைப்பு இங்கே என்று கரும்பலகையில் இடம் குறித்துக் காட்டுகிறார் அல்லவா? அதே பணியைத்தான் இவர்களும் செய்தனர். மாணவர்க்குச் சலிப்பூட்டும் அவ்வடிவமே கணினிக்குக் கண்ணாயிற்று. 1977இலும் 1982இலும் இவ்வரையறை திருத்தம் பெற்று உறுதிப்பட்டது. இன்று ஒருவர், 'தலைமையாசிரியரிடமிருந்து வரும் மடலைத் தனியே வை' என விதி எழுத முடிவது இவ்வரிகளின் அடிப்படையிலேயே.

வழி அமைந்தது, தேவை இன்னும் முழுமையாக எழவில்லை. அதை எழுப்பியது வேண்டா மடல்களின் பெருக்கம். 1975 நவம்பரிலேயே ஜான் போசுடல், வேண்டாத செய்தியைக் கணினி ஏற்க மறுப்பதற்கு ஆர்ப்பாநெட்டில் வழியில்லை என ஒரு சிறு குறிப்பில் எச்சரித்திருந்தார். 1978 மே மாதத்தில் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், தம் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்திற்கு வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கண்டனங்கள் குவிந்தன. குப்பை மடல்களின் வரலாற்றை இதிலிருந்தே தொடங்குவது மரபாகிவிட்டது.

1982 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கணினியியல் கழகத்தின் தலைவர் பீட்டர் டென்னிங், கழகத்தின் திங்களிதழில் 'மின்னணுக் குப்பை' எனும் தலைப்பில் ஒரு மடல் வரைந்தார். ஒரு நாளில் தம் மேசைக்கு வருவனவற்றை அவர் எண்ணிக் காட்டியதே அதன் சிறப்பு. தாள் மடல்கள், அறிக்கைகள், தொலைபேசி அழைப்புகள் ஆகியவற்றுக்கு மேலாக, உள்ளிருந்து 10 முதல் 20 மின்மடல்களும் வெளியிலிருந்து 10 முதல் 20 மின்மடல்களும் அவருக்கு வந்தன. இன்றைய கணக்கில் இது ஒரு காலைப்பொழுதின் வரவுக்கும் ஈடாகாது. ஆயின் அவர் கேட்ட கேள்வி பழையதாகிவிடவில்லை. மடலை உருவாக்குவதற்கும் அனுப்புவதற்கும் எத்தனையோ கருவிகள் செய்கிறோம், பெறுகிறவரைப் பற்றி யார் எண்ணினார் என்பதே அக்கேள்வி. வெவ்வேறு நோக்கங்களுக்கு வெவ்வேறு பெட்டிகள், உள்ளடக்கத்தை நோக்கி வடிகட்டும் முறை முதலிய பரிந்துரைகளையும் அவர் முன்வைத்தார். ஈராண்டு கழித்துச் சுவீடன் நாட்டு அறிஞர் யாக்கோப் பால்மே ஒரு மாநாட்டுக் கட்டுரைக்கு, 'தங்களுக்குப் படிக்காத மடல்கள் 134 உள்ளன. இப்போது படிக்க விருப்பமா?' என்ற பொருளில் தலைப்பிட்டார். அத்தலைப்பே ஒரு தலைமுறையின் பெருமூச்சு.

விதி எனும் கருத்து முழு வடிவம் பெற்றது, மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் தாமசு மலோனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கி 1987இல் விரிவாக எழுதிய 'இன்ஃபர்மேஷன் லென்சு' எனும் அமைப்பில்தான். அதில் மடல் எழுதுவோர் அதன் வகையைத் தெரிவு செய்யலாம்: கூட்ட அறிவிப்பு என்றால் நாள், நேரம், இடம் என்னும் கட்டங்கள் தோன்றும். பெறுவோர் 'இன்னது இருந்தால் இன்னது செய்க' என்ற வடிவில் விதிகளை எழுதி வைப்பர். கூட்டம் நாளைக்கு எனில் முன்னே காட்டு. இன்னாரிடமிருந்து வந்தால் இன்ன கோப்புறையில் இடு. இன்ன குழுவுக்கான அறிவிப்பு எனில் நீக்கு. நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை நிரப்பியே இவற்றை அமைக்கலாம். இதனினும் வியப்பானது, 'எவரேனும்' என்றொரு முகவரி. அம்முகவரிக்கு அனுப்பிய மடல், எவருடைய விதியேனும் அதை விரும்பி அழைத்தால் அவரிடம் செல்லும். வேண்டாததைத் தடுக்கும் வேலி மட்டுமன்று விதி. வேண்டியதைத் தேடிக் கொணரும் தூதும் ஆகும் என்பதை அக்குழுவினர் கண்டிருந்தனர். பின்வந்தோர் வேலியைப் போற்றித் தூதைப் பெரும்பாலும் மறந்தனர். இது வருந்தத்தக்கதே.

இவ்வமைப்பைப் பழகியோர் விதிகளை உண்மையில் எவ்வாறு கையாண்டனர் என்பதை வெண்டி மக்கே முதலானோர் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டனர். மக்களைக் கூர்ந்து நோக்கி எழுதிய ஆய்வு அது. சிலர் மடலைப் படிக்கும் முன்பே விதியை இயக்கினர். எதை முதலில் படிப்பது என்பதே அவர்தம் கவலை. வேறு சிலரோ முதலில் எல்லாவற்றையும் தாமே படித்தனர். படித்து முடித்த பின்னரே விதியை ஏவி மடல்களைக் கோப்புறைகளில் சேர்ப்பித்தனர். பின்னாளில் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதே இவர்தம் கவலை. முன்னவர்க்கு விதி வாயிற்காவலர், பின்னவர்க்கு நூலகர். நீக்கும் விதியைப் பெரும்பாலோர் பலருக்கும் பொதுவாக வரும் முதன்மையற்ற மடல்களுக்கே வைத்திருந்தனர். தம் பெயருக்கென வந்த மடலை நீக்க விதி எழுதவில்லை. தம்மை நோக்கி ஒருவர் எழுதிய சொல்லைப் படியாமலே எறிவதற்கு மனம் ஒப்பவில்லை போலும். கணினித் துறையில் தேர்ச்சி மிகாதவரும் பயன்தரும் விதிகளை எழுதிக்கொண்டனர் என்பதும் அவ்வாய்வு கண்டதாகும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து இக்கலையை வெளியே கொணர்ந்தவருள் முதன்மையானவர், செருமனியின் ஆகன் நகரில் இருந்த ஸ்டீபன் வான் டென் பெர்க். அவர் 1990இல் எழுதிய 'புரோக்மெயில்' எனும் நிரலில் ஒவ்வொரு விதிக்கும் 'சமையற்குறிப்பு' என்ற பொருள்படும் பெயரே வழங்கியது. குறிப்பில் ஓர் உப்பு மிகுந்தாலும் உணவு கெடும். அதுபோல் ஒரு குறியீட்டைத் தவறவிட்டால் மடல்கள் எங்கோ சென்று மறையும். விதிகள் மேலிருந்து கீழாக இயங்கும். எந்த விதி முதலில் பொருந்தி மடலைக் கோப்புறையில் இடுகிறதோ அத்துடன் அம்மடலின் பயணம் முடியும். எனவே விதிகளின் வரிசையும் ஒரு விதியே. 'பள்ளி என்ற சொல் இருப்பின் பள்ளிக் கோப்புறை' என்பது முதலிலும், 'தேர்வு வாரியத்திலிருந்து வந்தால் அவசரக் கோப்புறை' என்பது அதன்பின்னும் நின்றால், தேர்வு வாரியம் பள்ளியைக் குறிப்பிட்டு எழுதிய அவசர மடல் பள்ளிக் கோப்புறையில் உறங்கும். சிறப்பானதை முன்னும் பொதுவானதைப் பின்னும் வைக்க வேண்டும் என்பதைப் பலரும் இழந்து கற்றனர்.

எளியோர்க்கும் இது எட்டியது திரையில் சுட்டிக் காட்டி அமைக்கும் நிரல்கள் வந்த பின்னரே. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் தொடங்கிய 'யூடோரா' அவற்றுள் பெயர் பெற்றது. அஞ்சலகத்திலேயே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் நினைவாக வைத்த பெயர் அது. மின்னஞ்சல் நிரலை எழுதி எழுதித் தாமும் அஞ்சலகத்திலேயே குடியிருப்பதாக டார்னர் உணர்ந்தாராம். கணினிக்கும் சிறுகதைக்கும் இப்படியோர் உறவு அமைந்தது இலக்கிய ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தருவதே. 1990களில் யூடோராவின் பதிப்புகளிலும் அவுட்லுக்கு முதலிய அலுவலக நிரல்களிலும் வடிகட்டி அமைக்கும் வசதி இடம்பெற்றது.

ஆனால் வீட்டுக் கணினியில் எழுதிய விதி அக்கணினி அணைந்திருக்கும்போது வேலை செய்யாது. மடலைப் பெற்று வைக்கும் வழங்கியிலேயே விதி இயங்குமானால் எந்தக் கருவியில் திறப்பினும் மடல்கள் பிரிந்தே இருக்கும். ஆயின் பல்லாயிரம் பேர் பகிரும் வழங்கியில் ஒவ்வொருவரும் விரும்பிய நிரலை எழுத விட்டால் ஒருவர் பிழை அனைவரையும் முடக்கக்கூடும். இதற்குத் தீர்வாக 2001 சனவரியில் டிம் ஷோவால்டர் 'சீவ்' எனும் விதிமொழியின் வரையறையை வெளியிட்டார். 2008இல் அது திருத்தம் பெற்றது. சீவ் என்பதற்குச் சல்லடை என்பது பொருள். கொழித்தல், புடைத்தல், தெள்ளுதல், சலித்தல் என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்த மொழியினர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். இம்மொழியில் முடிவின்றிச் சுழலும் கட்டளைக்கு இடமில்லை. வெளி நிரல்களை இயக்கவும் இடமில்லை. வேண்டுமென்றே ஆற்றலைக் குறைத்துப் படைத்த மொழி அது. அதன் மிகச் சிறந்த கூறு, எந்த விதியும் பொருந்தாத மடல் உள்பெட்டியிலேயே இருக்கும் என்பதும், விதியை இயக்குகையில் பிழை நேர்ந்தாலும் மடல் தொலையாது என்பதுமாம். ஐயம் எழுந்தால் காத்துவை என்னும் இந்நெறி, புரோக்மெயில் காலத்து இழப்புகளைக் கண்டோர் வகுத்தது எனக் கொள்ளலாம்.

இதே காலத்தில் குப்பை மடல்கள் வெள்ளமாகப் பெருகின. மனிதர் எழுதும் விதி ஒவ்வொன்றையும் அனுப்புவோர் சூழ்ச்சியால் கடந்தனர். ஒரு சொல்லைத் தடுத்தால் அதன் நடுவே புள்ளியிட்டு எழுதினர். ஆகவே 1998இல் சில ஆய்வாளரும், 2002இல் பால் கிரகாம் எனும் நிரலாளரும் வேறு வழியை எடுத்துரைத்தனர். நல்ல மடல்களையும் குப்பை மடல்களையும் கணினிக்குக் காட்டினால், எச்சொல் எதில் மிகுதியாக வருகிறது என அதுவே எண்ணி நிகழ்தகவைக் கணித்துக்கொள்ளும். இம்முறை வென்றது. ஆனால் விதி இருந்த இடத்தில் கணிப்பு வந்து அமர்ந்தது. விதி பொருந்தியதா இல்லையா என்று கேட்டால் விடை உண்டு. கணிப்பு ஏன் அவ்வாறு கணித்தது என்று கேட்டால் விடை அத்துணைத் தெளிவாக இராது.

2004 ஏப்ரல் முதல் நாளில் வெளிவந்த ஜிமெயில், கோப்புறைக்கு மாற்றாக ஒட்டுச்சீட்டு முறையைக் கொணர்ந்தது. ஒரு மடல் ஒரே மாடத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் பழங்கட்டு அறுந்தது. ஒரே மடலில் 'பள்ளி', 'தேர்வு' என இரு சீட்டுகளை ஒட்டலாம். இது நல்ல முன்னேற்றமே. 2010இல் எது முதன்மை என்பதை அதுவே தேர்ந்து காட்டத் தொடங்கியது. 2013இல் முதன்மை, சமூகம், விளம்பரம், அறிவிப்பு, மன்றம் என ஐந்து தாவல்களாக மடல்களைத் தானே பிரித்தது. பெறுநர் விதி எழுதாமலே மாடங்கள் முளைத்தன. வேலை குறைந்தது என மகிழ்ந்தோர் மிகப் பலர். ஆயினும் அஞ்சலகப் பின்கூடத்தில் மாடங்களை வகுக்கும் உரிமை எவரிடம் இருந்ததோ, ஏறத்தாழ அதே நிலைக்கு உலகம் திரும்பி வந்தது என்பதை மறுத்தல் அரிது. தாமே வடிகட்டி எழுதும் வசதி அமைப்புப் பக்கத்தில் இன்றும் இருக்கத்தான் செய்கிறது. அங்கே சென்று பார்ப்போர் சிலரே.

அவ்வாறு பாராதிருத்தலால் வரும் கேடும் உண்டு. பிறர் கடவுச்சொல்லைத் திருடும் கயவர், பெட்டிக்குள் நுழைந்தவுடன் விதி ஒன்றை எழுதிவைப்பது வழக்கம். 'விலைப்பட்டியல்', 'கட்டணம்', 'வங்கி' போன்ற சொற்கள் உள்ள மடல்களை எவரும் திறவாத ஒரு கோப்புறைக்கு அனுப்பு என்றோ, வெளிமுகவரிக்கு ஒரு படி அனுப்பு என்றோ அவ்விதி அமையும். உரியவர் கடவுச்சொல்லை மாற்றினாலும் விதி அழிவதில்லை; அது ஓசையின்றித் தன் பணியைத் தொடரும். விதிப் பட்டியலைத் திறந்து நோக்கி, தாம் எழுதாத விதியை நீக்கினாலன்றி இதற்கு முடிவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். மேலே கூறிய விதிகள் யாவும் எழுத்துகளை ஒப்பிட்டே இயங்குவன. 1982இன் வரையறைப்படி தலைப்பகுதியில் உரோமன் எழுத்துகளும் சில குறிகளும் மட்டுமே இடம்பெறலாம். 1992இல்தான் பிறமொழி எழுத்துகளைப் பொருள் வரியில் எழுத வழி பிறந்தது. அதுவும் அவற்றை உரோமன் எழுத்துகளாலும் எண்களாலும் ஆன மறைகுறியாக மாற்றி அனுப்பும் வழியே. படிப்பவர் திரையில் தமிழ் தெரியும். புரோக்மெயில் போன்ற நிரலின் கண்ணுக்கு மறைகுறி மட்டுமே தெரியும். இதற்கிடையில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் கணினியில் தமிழை ஏற்றப் பாடுபட்டனர். 1991இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தும், 1990களில் நடைமுறையில் பல குறியீட்டு முறைகள் வழங்கின. 1999இல் தமிழ்நாட்டரசு தாம், தாப் என இரு முறைகளை அறிவித்தது. தஸ்கி எனும் முறையும் பரவியது. ஒரே 'தமிழ்' எனும் சொல் ஒவ்வொரு முறையிலும் வெவ்வேறு எண்தொடராக இருந்தமையால், ஒன்றுக்கு எழுதிய விதி மற்றொன்றைக் காணாது. 2010இல் தமிழ்நாட்டரசும் யூனிகோடை ஏற்ற பின்னரே குழப்பம் தணிந்தது.

தணிந்தது, முற்றும் தீரவில்லை. யூனிகோடில் 'கொ' எனும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்ணை மட்டும் ஒப்பிடும் விதிக்கு இரண்டும் வேறு.

இதனினும் நுண்ணியது இலக்கணம். ஆங்கிலத்தில் 'மீட்டிங்' என்ற சொல்லைத் தேடும் விதி, முன்னும் பின்னும் எச்சொல் வரினும் அதைக் கண்டுகொள்ளும். தமிழில் 'கூட்டம்' எனத் தேடும் விதி, 'ஆசிரியர் கூட்டம்' என்பதைப் பிடிக்கும். 'கூட்டத்திற்கு வருக' என்பதை விட்டுவிடும். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெற்றதை விதி அறியாது. 'வகுப்பு' எனும் விதி 'வகுப்பில்' என்பதைக் காணாது. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியது. 'சுற்றறிக்கை' எனும் விதியோ 'சுற்றறிக்கையில்' என்பதையும் தவறாது பிடிக்கும். அங்கே யகர உடம்படுமெய் தோன்றியதேயன்றிச் சொல் சிதையவில்லை. புணரியலைத் தேர்வுக்காக மட்டும் படித்த மாணவர்க்கு இஃது ஒரு புதிய பயன்பாடு. 'கூட்ட' என்று மகர ஒற்றை நீக்கி விதி எழுதினால் கூட்டம், கூட்டத்தில், கூட்டங்கள் யாவும் அகப்படும். கூடவே 'கூட்டணி'யும் அகப்படும். கணித ஆசிரியர் அனுப்பிய 'கூட்டல் பயிற்சி'யும் கூட்ட அறிவிப்புகளோடு சென்று அமரும். அதை மீட்க, 'கூட்டல்' எனும் சொல்லுக்கு மற்றொரு விதியை எழுதி, முந்தைய விதிக்கு மேலே வைத்தல் வேண்டும்.